வீட்ல பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டாங்க, நான் கே-ன்னு முதல்ல யார்கிட்ட சொல்றது? (கடலூர் / பாண்டி)

கெடிலக்கரை:

வணக்கம் எல்லாருக்கும். வயசு 29. வீடு கடலூர், திருப்பாப்புலியூர். வேலை பாண்டி மேட்டுப்பாளையம் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில, குவாலிட்டி டிபார்ட்மெண்ட், தினமும் பஸ்ல போயிட்டு வர்றேன். நான் கே, அதாவது எனக்கு ஆம்பளைங்கள தான் புடிக்கும். ப்ளஸ் ஒன் படிக்கும்போதே எனக்கு தெரியும், இதுல எனக்கு எந்த குழப்பமும் இல்ல, அதனால நல்லா யோசிச்சியான்னு யாரும் கேக்க வேணாம்னு முதல்லயே சொல்லிடறேன்.

இப்ப வீட்ல பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. இதுவரைக்கும் வீட்டு லோன் முடியட்டும்னு தள்ளிட்டே வந்தேன், அது இனிமே எடுபடாது. தரகர்கிட்ட ஜாதகம் போட்டோ எல்லாம் குடுத்தாச்சு. சிதம்பரம் பக்கம் ஒரு பொண்ணு, பேங்க் எக்ஸாமுக்கு படிச்சிட்டு இருக்காங்களாம், பொருத்தம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க, தை பொறந்ததும் போய் பாக்கறதா பேச்சு. எங்க அம்மா எனக்கு திருவந்திபுரத்துல தான் கல்யாணம் பண்ணணும்னு வேண்டிக்கிட்டு இருக்கு. எங்க ஊர் ஆளுங்களுக்கு தெரியும், முகூர்த்த நாள்ல அங்க நிக்க இடம் கிடைக்காது, யார் கல்யாணத்துக்கு போனாலும் அந்த கூட்டத்துல என் கைய புடிச்சிட்டு அடுத்தது நீ தாண்டான்னு சொல்லும். அது மூஞ்சில இருக்கற சந்தோஷத்த பாத்தா எனக்கு பேச்சே வராது.

அந்த பொண்ண பாக்க நான் போகப்போறது இல்ல. அது முடிவு. ஆனா ஏன் போகலன்னு சொல்லணும்ல.

இப்போதைக்கு என்னை பத்தி தெரிஞ்சது சென்னையில இருக்கற காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு மட்டும் தான். அக்கா பண்ருட்டியில கட்டிக்குடுத்திருக்கு, என் மேல உயிரா இருக்கும், ஆனா மாமா எப்படின்னு தெரியல. அப்பா ரிட்டயர்டு, பிபி மாத்திரை போடறாரு, கோவக்காரர். சின்ன வயசுலேர்ந்து மஞ்சக்குப்பம் மைதானத்துல சேந்து கிரிக்கெட் ஆடின பசங்க இருக்காங்க, அவங்க பேசற பேச்சு கேட்டா சொல்ல தைரியம் வரல. ஆபீஸ்ல வேற மாதிரி. ஒரு சீனியர் என் ஃபோன்ல ஒரு ஆப் நோட்டிஃபிகேஷன் பாத்துட்டாரு, அதுலேர்ந்து கேண்டீன்ல சாடையா பேசறாரு, நாலு பேர் சிரிக்கறாங்க. அவரு அரியாங்குப்பம், எங்க சொந்தக்காரங்களும் அங்க இருக்காங்க, எந்த நேரம் எந்த வழியில வீட்டுக்கு போகும்னு பயமா இருக்கு.

அக்காகிட்ட முதல்ல சொல்றதா அம்மாகிட்டயா? ஆபீஸ்ல சொல்லலாமா கூடாதா? இல்ல பேசாம பெங்களூர்ல வேலை வாங்கிட்டு போயிட்டு அங்கேர்ந்து ஃபோன்ல சொல்லிடறதா? இதெல்லாம் கடந்து வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.


முத்தியால்பேட்டை_மல்லி:

ப்ரோ நான் 34, பொண்ணு, எனக்கு பொண்ணுங்கள தான் புடிக்கும், எங்க வீட்ல இப்போ எல்லாருக்கும் தெரியும். அக்காகிட்ட சொல்லுங்க. ஏன்னா அம்மா உடைஞ்சு போனா புடிச்சுக்க வீட்டுக்குள்ள இன்னொரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், ரெண்டு பேரும் ஒரே நாள்ல கேள்விப்பட்டா ரெண்டு பேரும் சேந்து அழுவாங்க, உங்கள யாரு பாக்கறது.

ஆனா சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் ஆழம் பாருங்க. நான் எங்க அண்ணனை அப்படி தான் பாத்தேன். 2023ல சுப்ரீம் கோர்ட்ல ஒரே பாலின கல்யாண கேஸ் ஓடிட்டு இருந்தப்ப டிவியில நியூஸ் வந்துது, நான் ஒண்ணும் தெரியாத மாதிரி என்னண்ணா இதெல்லாம்னு கேட்டேன். அவங்க பாட்டுக்கு இருந்துட்டு போறாங்க, இதுல யாருக்கு என்ன நஷ்டம்னு சொல்லிட்டு சேனல் மாத்தினான். அவ்ளோ தான். அந்த ஒரு வார்த்தை போதும்னு அந்த வாரமே சொன்னேன். கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல, அப்புறம் அம்மாவ நான் பாத்துக்கறேன் நீ அவசரப்படாதன்னான்.

இன்னும் சில விஷயம். வாட்ஸப்ல எழுதாதீங்க, வாய்ஸ் நோட் போடவே போடாதீங்க, அது யார் கைக்கு வேணா போகும். நேர்ல சொல்லுங்க. நேர்லன்னா பீச் ரோடு, சில்வர் பீச்னு கூட்டிட்டு போகாதீங்க, சாயங்காலம் ஆனா அங்க தெரிஞ்சவங்க எதிர்ல வராம இருக்க மாட்டாங்க, கேக்கறவங்களுக்கு அழக்கூட முடியாது. பொங்கல், வளைகாப்பு, காதுகுத்துன்னு வீட்ல விசேஷம் இருக்கற நாள் வேணாம், அந்த நாளையே கெடுத்துட்டான்னு காலத்துக்கும் ஒரு பேச்சு நிக்கும்.

முக்கியமா, அரியாங்குப்பம் வழியா போறதுக்கு முன்னாடி உங்க வாயால போகணும். எங்க அம்மா இன்னிக்கு வரைக்கும் சொல்ற ஒரே ஆறுதல் என்னன்னா, எம்பொண்ணு என்கிட்ட மறைக்கல, ஊர் சொல்லி நான் தெரிஞ்சிக்கலங்கறது தான்.


ஓடி_கணேசன்:

தம்பி நான் வயசுல பெரியவன், உங்க நல்லதுக்கு சொல்றேன். இந்த வயசுல மனசு அலைபாயும். ஒரு கல்யாணம் ஆகி குழந்தை குட்டின்னு ஆயிட்டா எல்லாம் தன்னால சரியாயிடும், எத்தனையோ பேர் அப்படி தான் இருக்காங்க. பெத்தவங்க மனச நோகடிக்காதீங்க. நல்ல டாக்டர பாருங்க, ஒரு பரிகாரமும் பண்ணுங்க.


வில்லியனூர்_தமிழ்:

கணேசன் ஐயா, நீங்க சொல்ற அந்த கல்யாணத்துல இன்னொரு பக்கம் உக்காந்திருந்தது நான். அதனால பதில் நான் சொல்றேன்.

எனக்கு கல்யாணம் ஆனப்ப 24. அவரு நல்லவர், குடி கிடையாது, கை ஓங்கினது கிடையாது, என் அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ராத்திரி பூரா உக்காந்திருந்தாரு. ஆனா என் பக்கத்துல வரமாட்டாரு. எனக்கு என்ன தெரியும், நான் அழகா இல்லயா, என் மேல ஏதாவது வாடை வருதா, வேற பொண்ணு இருக்கான்னு யோசிச்சு யோசிச்சு கண்ணாடிய பாக்கறதையே விட்டுட்டேன். மாமியார் ஒவ்வொரு மாசமும் தலைக்கு குளிச்சியா குளிச்சியான்னு கேப்பாங்க. அப்புறம் குழந்தை இல்லன்னு ஆஸ்பத்திரி. எனக்கு தான் டெஸ்ட், எனக்கு தான் ஸ்கேன், எனக்கு தான் ஊசி. எங்களுக்குள்ள ஒண்ணுமே நடக்கலன்னு அந்த டாக்டரம்மாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல, அவரும் பக்கத்து சேர்ல தலைய குனிஞ்சிட்டு உக்காந்திருந்தாரு. அந்த ரூம், அந்த பச்சை கர்ட்டன், எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

கடைசியில அவரே சொன்னாரு. அவங்க வீட்ல கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும், அவங்க அம்மாகிட்ட சொல்லியிருக்காரு, கல்யாணம் ஆனா சரியாயிடும்னு நீங்க சொன்ன அதே வார்த்தைய தான் அவங்களும் சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரும் சம்மதிச்சு தான் விவாகரத்து வாங்கினோம், அதுக்கு வீட்ட சமாளிச்சு கோர்ட்டுக்கு அலைஞ்சு முடியறதுக்குள்ள என் வயசு 30 தாண்டிடுச்சு. எனக்கு அவர் மேல இப்போ கோவம் இல்ல. தெரிஞ்சே என்னை கொண்டுபோய் அங்க உக்கார வெச்சாங்க பாருங்க, அந்த பெரியவங்க மேல தான் கோவம்.

கெடிலக்கரை தம்பி, அந்த சிதம்பரம் பொண்ணுக்கு நீ யாருன்னே தெரியாது, ஆனா நீ அவளுக்கு ரொம்ப பெரிய நல்லது பண்ணிட்டு இருக்க. வீட்ல எவ்ளோ அழுதாலும், விஷம் குடிக்கறேன்னு மிரட்டினாலும், இந்த ஒண்ணுல மட்டும் இறங்கி வராத.


மனநல_நர்ஸ்:

பரிகாரம், டாக்டர் பத்தி பேச்சு வந்ததால இத சொல்லிடறேன், நான் இந்த துறையில தான் வேலை பாக்கறேன். இது நோய் இல்ல. உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியல்லேர்ந்து இத எடுத்தது 1990, மே 17. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018ல இது நோய் இல்லன்னு வெளிப்படையா சொல்லிடுச்சு. மாத்தி காட்டறேன்னு யாராவது டாக்டர் மருந்து குடுத்தாலோ ஷாக் வெச்சாலோ அது தொழில் ஒழுங்கீனம்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022ல எல்லா மாநில மெடிக்கல் கவுன்சிலுக்கும் எழுதிடுச்சு, அந்த டாக்டர் மேல புகார் குடுக்கலாம்.

ஆனா நடைமுறையில என்ன நடக்கும்னா, நீங்க சொன்னதும் அப்பா டாக்டர்கிட்ட போலாம்னு தான் சொல்வாரு. அப்ப முடியாதுன்னு சண்டை போடாதீங்க. சரி போலாம், ஆனா டாக்டர நான் பாத்து சொல்றேன்னு சொல்லுங்க. முன்னாடியே ஃபோன் பண்ணி, நான் இப்படி, என்னை மாத்தணும்னு இல்ல, அப்பா அம்மாவுக்கு புரிய வைக்கணும், நீங்க அதுக்கு உதவுவீங்களான்னு நேரா கேளுங்க. இழுத்து பேசினா அடுத்த டாக்டர். மகன் சொன்னா நம்பாத அப்பா, வெள்ளை கோட்டு போட்டவங்க, ஐயா உங்க பையன் நல்லா தான் இருக்காரு, நீங்க தான் தூங்கவே இல்ல போலிருக்கு, உங்க பிபிய பாக்கலாம்னு சொன்னா கேப்பாரு. இத நான் கண்ணால பாத்திருக்கேன்.

உங்களுக்கு ராத்திரி நேரத்துல தாங்க முடியாம போச்சுன்னா 14416, டெலி மானஸ், அரசு நடத்தறது, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். அம்மா அப்பாவும் பேசலாம்.


கெடிலக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தமிழ் அக்கா நீங்க எழுதினத பஸ்ல வரும்போது படிச்சேன், கன்னியகோவில் தாண்டறவரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி தான் உக்காந்திருந்தேன். சத்தியமா அந்த பொண்ணு வாழ்க்கையில நான் போகமாட்டேன்.

இன்னொரு பயம் கேக்கட்டுமா. அப்பா கோவத்துல வீட்ட விட்டு வெளிய போன்னா லோன் என் சம்பளத்துல தான் போகுது, அது என்னாகும்? போலீஸ் அது இதுன்னு போவாங்களா?


கடலூர்_வக்கீல்:

கடலூர் கோர்ட்ல ப்ராக்டிஸ் பண்றேன். முதல்ல போலீஸ் பயத்த விடுங்க. ஒரே பாலின உறவ குற்றம்னு புடிக்க பயன்பட்ட 377வது பிரிவு, வயசு வந்த ரெண்டு பேர் சம்மதத்தோட இருக்கறதுக்கு பொருந்தாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 6ல சொல்லிடுச்சு. 2024 ஜூலை 1லேர்ந்து ஐபிசிங்கற பழைய குற்றச் சட்டம் போய் பிஎன்எஸ்ங்கற புது சட்டம் வந்துடுச்சு, அதுல அந்த பிரிவே கிடையாது. இப்பவும் 377ல உள்ள போட்டுடுவேன்னு எவனாவது மிரட்டினா அவனுக்கு ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம்.

நீங்க வீட்ட விட்டு போயி வீட்ல காணோம்னு புகார் குடுத்தா கூட, ஸ்டேஷன்ல போய் நான் மேஜர், என் விருப்பத்துல தான் இருக்கேன்னு எழுதி குடுத்தா முடிச்சிக்கணும். இது மதுரையிலேர்ந்து சென்னைக்கு ஓடி வந்த ரெண்டு பொண்ணுங்க கேஸ்ல 2021 ஜூன் 7ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு. அந்த உத்தரவ உங்க அப்பா படிக்கறவரா இருந்தா படிக்க குடுங்க. ஏன்னா அந்த நீதிபதி எனக்கு இத பத்தி முழுசா தெரியலன்னு சொல்லி, தானே ஒரு மனநல ஆலோசகர்கிட்ட போய் உக்காந்து கேட்டு தெரிஞ்சிக்கிட்டு, அத உத்தரவுலயே எழுதியிருக்காரு. ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ் தெரிஞ்சிக்க இறங்கி வந்திருக்காருங்கறது அந்த தலைமுறை ஆம்பளைங்களுக்கு பெரிய விஷயம். அந்த கேஸ்ல தான் மாத்தறதுக்கு வைத்தியம் பண்றதையும் தடை பண்ணாங்க. அதுக்கு அப்புறம் தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதியில 24-சின்னு ஒண்ணு சேத்தாங்க, உங்கள மாதிரி ஆளுங்கள போலீஸ் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு. ஒண்ணு கவனிங்க, அந்த விதி கடலூர் போலீஸுக்கு தான், பாண்டி போலீஸ் தனி. ஆனா ஹைகோர்ட் ரெண்டுக்கும் ஒண்ணு தான், பாண்டியில ஏதாவது நடந்தாலும் சென்னை ஹைகோர்ட் தான் போகணும். 2025 மே மாசம் கூட வேலூர் மாவட்டத்துல வீட்ல அடைச்சு வெச்ச ஒரு பொண்ண அந்த ஹைகோர்ட் தான் விடுவிச்சு, கல்யாணம் மட்டும் தான் குடும்பம்னு இல்லன்னு சொல்லுச்சு. கல்யாணத்துக்கு சட்ட அங்கீகாரம் இன்னும் இல்ல, 2023 அக்டோபர் 17 தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் மறுத்துடுச்சு. ஆனா பேங்க்ல ஜாயிண்ட் அக்கவுண்ட் தொறக்கவும் துணைய நாமினியா போடவும் தடை இல்லன்னு நிதி அமைச்சகம் 2024ல தெளிவா சொல்லிடுச்சு.

இப்போ வீடு. லோன்ல உங்க பேரு இருக்கு சரி, பத்திரத்துல இருக்கா? இத போய் முதல்ல பாருங்க. நம்ம பக்கம் நிறைய வீட்ல பையன் சம்பளத்த காட்டி லோன் வாங்குவாங்க, பத்திரம் அப்பா பேர்ல மட்டும் இருக்கும். அப்படின்னா நீங்க கட்டின பணத்துக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் தனியா எடுத்து வைங்க. அப்பா சொந்தமா சம்பாதிச்சத யாருக்கு வேணா எழுதலாம், தடுக்க முடியாது. பூர்வீக சொத்துல உங்க பங்க, நீங்க யாரு மேல ஆசைப்படறீங்கங்கறத வெச்சு யாரும் பறிக்க முடியாது.

சொல்றதுக்கு முன்னாடி மார்க் ஷீட், டிகிரி, ஆதார், பான், பாஸ்போர்ட் எல்லாம் ஒரு பைல்ல போட்டு சென்னை ஃப்ரெண்டு வீட்ல வெச்சிடுங்க. சம்பள அக்கவுண்ட்டோட ஏடிஎம் கார்டு அப்பாகிட்ட இருந்தா திரும்ப வாங்கிடுங்க. ஒண்ணும் நடக்காம போகலாம், நடந்தா உதவும்.


சேதராப்பட்டு_எச்ஆர்:

ஆபீஸ் பத்தி யாரும் சொல்லல, நான் அந்த வேலையில தான் இருக்கேன். இந்த காரணத்துக்காக ஒருத்தர வேலைய விட்டு தூக்கக்கூடாதுன்னு தனியார் கம்பெனிக்குன்னு தனியா சட்டம் நம்ம நாட்ல இல்ல. திருநங்கை, திருநம்பிகளுக்கு 2019 சட்டம் இருக்கு, உங்களுக்கு அப்படி ஒண்ணு இல்ல. அதனால கம்பெனி பாலிசி தான் எல்லாம். உங்க ஹேண்ட்புக்க எடுத்து பாகுபாடுங்கற இடத்துல பாலின ஈர்ப்புன்னு எழுத்துல இருக்கான்னு பாருங்க. வெளிநாட்டு கம்பெனிக்கு சப்ளை பண்ற இடமா இருந்தா பெரும்பாலும் இருக்கும். இருந்தா எச்ஆர்கிட்ட பேசலாம். இல்லன்னா எச்ஆர்கிட்ட மனசு விட்டு பேசறதா நினைச்சு எதுவும் சொல்லாதீங்க. நானே எச்ஆர், அதான் சொல்றேன், சொன்னது ஃபைல்ல ஏறாட்டியும் மேனேஜர் காதுல ஏறும்.

ஆபீஸ்ல சொல்லி தான் ஆகணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. வீட்ல நீங்க பிள்ளை, அங்க உங்கள அவங்களுக்கு தெரியணும். ஆபீஸ்ல அறிக்கை சரியா வருதான்னு பாக்க தான் சம்பளம். கூட வேலை பாக்கறவங்கள்ல மதிய சோறு பகிர்ந்துக்கற அளவுக்கு ஒருத்தர் இருந்தா அவர்கிட்ட மட்டும் சொல்லுங்க, அந்த பேச்சு வரும்போது கூட சிரிக்காம எழுந்து போற ஒரு ஆளாவது இருப்பாங்க.

அந்த சீனியர தனியா கூப்பிட்டு, சார் என் ஃபோன்ல இருக்கறது என் சொந்த விஷயம், இனிமே இத கேண்டீன்ல பேசாதீங்கன்னு ஒரே தடவ சொல்லுங்க. நான் கே, கே இல்ல எதுவும் சொல்ல வேணாம். அதுக்கு மேலயும் பேசினா தேதி போட்டு எழுதி வைங்க, யார் யார் இருந்தாங்கன்னும். ஒருவேளை காசு கேட்டாலோ வீட்ல சொல்லிடுவேன்னு மிரட்டினாலோ அது மிரட்டி பணம் பறிக்கறது, பிஎன்எஸ் 308. ஒரு ரூபா குடுக்காதீங்க, ஒரு தடவ குடுத்தா நிக்காது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. ஆப் வழியா பழகினவன் போட்டோ வெச்சு மிரட்டினா சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு ஃபோன் அடிங்க.


கடலூர்_வக்கீல்:

மேல சொன்னது சரி. மிரட்டறவன் நம்பி இருக்கறது உங்க வெக்கத்த தான். வீட்ல அக்காவுக்கு தெரிஞ்ச அன்னிக்கே அவன் பாதி பலம் போயிடும்.


பலாமரத்தடி:

தம்பி, நான் பண்ருட்டி. எனக்கு 57 வயசு. என் பையனும் உன்ன மாதிரி தான், அவன் தான் எனக்கு இந்த பக்கத்த காமிச்சு படிம்மான்னான். பேசினத ஃபோனே எழுதுது, தப்பு இருந்தா பொறுத்துக்கோ.

அவன் சொன்னப்ப நான் பின்கட்டுல பலாப்பழம் அறுத்து வெச்சுட்டு சுளை எடுத்துட்டு இருந்தேன், கை பூரா எண்ணெயும் பிசினும். அம்மா எனக்கு பொண்ணுங்க மேல அந்த மாதிரி எண்ணம் வராதும்மா, பசங்க மேல தான் வருது, சின்ன வயசுலேர்ந்தே அப்படி தான், கல்யாணம் வேணாம்மான்னான். எந்திரிச்சு போகலாம்னா கை அப்படி இருக்கு, கண்ண தொடைக்கக்கூட முடியல. நான் பேசாம சுளை எடுத்துட்டே இருந்தேன். அவனும் ஒண்ணும் பேசாம பக்கத்துல உக்காந்து கொட்டைய தனியா எடுத்து போட்டுட்டு இருந்தான். அந்த பழம் முழுசும் முடியறவரைக்கும் ரெண்டு பேரும் பேசல. ராத்திரி தான் கேட்டேன், நான் ஏதாச்சும் வளக்கறதுல குறை வெச்சிட்டேனாடான்னு. இல்லம்மா, நீ நல்லா வளத்ததால தான் உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சுன்னான்.

உங்க அம்மா முதல் நாள் என்ன சொன்னாலும் அத மனசுல வெச்சிக்காத. செத்துடுவேன்னு சொல்லுவாங்க, சாமி ஏன் இப்படி பண்ணுச்சும்பாங்க. அது உனக்கு சொல்ற பதில் இல்ல, அவங்களுக்கே அவங்க சொல்லிக்கறது. உனக்கு இத்தனை வருஷம் தேவைப்பட்டுது இத வாய் விட்டு சொல்ல, அவங்களுக்கு இன்னிக்கு தான் முதல் நாள்.

ஆனா ஒண்ணு யோசி தம்பி. நீ சொல்லிட்டு பாரத்த இறக்கி வெச்சிடுவ, உங்க அம்மா அத எடுத்துட்டு எங்க போவாங்க? அக்கம்பக்கத்துல சொல்ல முடியாது, கூட பொறந்தவங்ககிட்ட சொல்ல முடியாது. நான் ஜாதகத்த திரும்ப வாங்கறதுக்கு தரகர் வீட்டுக்கு போனப்ப அவரு என்னம்மா என்ன ஆச்சு, பையனுக்கு வேற ஏதாவது இருக்கான்னு கேட்டாரு, பதில் சொல்லாம போட்டோவ முந்தானையில வெச்சு மூடிட்டு வந்தேன். ரொம்ப நாள் எந்த கல்யாணத்துக்கும் போகல, எல்லாரும் உம் பையனுக்கு எப்போன்னு தான் கேப்பாங்க. அதனால நீ சொல்லும்போதே, சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்லலாம்னு அம்மாவும் நீயும் உக்காந்து பேசிக்கோங்க. நாங்க இப்போ, அவனுக்கு கல்யாணத்துல விருப்பம் இல்ல, நாங்க வற்புறுத்தலன்னு மட்டும் சொல்றோம். பொய்யும் இல்ல, மேல கேக்கவும் வழி இல்ல.

நம்மள மாதிரி பெத்தவங்களுக்குன்னு ஸ்வீகார்னு ஒரு குழு இருக்கு, நாடு பூரா இருக்கற அப்பா அம்மாங்க. 2023ல கல்யாண கேஸ் நடந்தப்ப 400க்கு மேல பெத்தவங்க கையெழுத்து போட்டு எங்க பிள்ளைங்களுக்கும் கல்யாணம் பண்ணி பாக்கணும்னு தலைமை நீதிபதிக்கு கடிதம் எழுதினாங்க. அத என் பையன் படிச்சு காமிச்சப்ப தான் நான் ஒருத்தி மட்டும் இல்லன்னு எனக்கு தெரிஞ்சுது. தமிழ்ல படிக்கணும்னா சென்னையில ஓரினம்னு இருக்காங்க, அவங்க வெப்சைட்ல பெத்தவங்க எழுதினது இருக்கு.


சர்செல்_தமிழன்:

பெங்களூர் போயி ஃபோன்ல சொல்லிடலாமான்னு கேட்டிருந்தீங்க, அதுக்கு மட்டும் சொல்றேன். நாங்க பாண்டியிலேர்ந்து பிரெஞ்சு குடியுரிமையில இங்க பிரான்ஸுக்கு வந்த குடும்பம். இங்க 2013லேர்ந்து ஆணும் ஆணும் சட்டப்படி கல்யாணம் பண்ணலாம், என் அத்தை பையன் மேரியில, அதாவது நகராட்சி ஆபீஸ்ல, மேயர் முன்னாடி கையெழுத்து போட்டு பண்ணிக்கிட்டான், நாங்க எல்லாம் போயி நின்னோம். ஆனா அத்தை பாண்டியில எல்லாருக்கும் அவன் இன்னும் தனியா தான் இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கு. லீவுக்கு வரும்போது அவன் தனியா தான் வரணும், அவன் வீட்டுக்காரர் வரக்கூடாது. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தும் அது தீரல. ஊர விட்டு போறதுக்கு வேற காரணம் இருந்தா போங்க, நல்ல வேலை, நிம்மதியான ரூம், எல்லாம் சரி. ஆனா அம்மாகிட்ட பேச வேண்டிய பேச்சு அப்படியே அங்க இருக்கும்.


கெடிலக்கரை:

அக்காகிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை பண்ருட்டி போனேன், மாமா கடைக்கு போயிட்டாரு, அக்கா மாடியில துணி காய போட்டுட்டு இருந்துது. கிளிப்பு எடுத்து குடுத்துட்டே சொன்னேன். மல்லி அக்கா சொன்ன மாதிரி நேர்ல தான், பெருசா ஒண்ணும் முன்னுரை போடல. கையில இருந்த பாவாடைய கொடியில போடாம அப்படியே புடிச்சிட்டு நின்னுது. முதல்ல கேட்டது என்ன தெரியுமா, அப்ப அந்த சிதம்பரத்து பொண்ணு வீட்டுக்கு என்னடா சொல்றதுன்னு தான். அப்புறம் தான் அழுதுது. எவ்ளோ நாளா தெரியும், ஏன் என்கிட்ட சொல்லல, தனியாவே வெச்சிட்டு இருந்தியான்னு கேட்டு அடிச்சுது. மாமாவுக்கு இப்போ வேணாம், நான் நேரம் பாத்து சொல்றேன்னுது.

அடுத்த நாளே அம்மாவுக்கு ஃபோன் பண்ணி, தம்பிக்கு இதுல இஷ்டம் இல்ல, பொண்ணு வீட்ட காக்க வைக்கறது பாவம், இப்பவே வேணாம்னு சொல்லிடுன்னு சொல்லிடுச்சு. அம்மா என்கிட்ட ஒரு வாரமா முகம் குடுத்து பேசல, ஆனா தரகருக்கு சொல்லிட்டாங்க. அது வரைக்கும் எனக்கு பெரிய நிம்மதி. ஆபீஸ்ல அந்த சீனியர்கிட்டயும் எச்ஆர் சொன்ன மாதிரி பேசிட்டேன், குரல் நடுங்குச்சு, ஆனா சொல்லிட்டேன். பத்திரத்த பாத்தேன், என் பேரும் இருக்கு.

பொங்கல் முடிஞ்சு அம்மாகிட்ட காரணத்த சொல்லலாம்னு இருக்கேன். அக்காவே சொல்லிடட்டுமான்னு கேக்குது. என்ன பண்ணலாம்?


முத்தியால்பேட்டை_மல்லி:

நீங்களே சொல்லுங்க ப்ரோ. அக்கா சொன்னா அம்மாவுக்கு அது நீங்க பயந்து ஒளிஞ்ச விஷயமா தெரியும். அக்கா அன்னிக்கு வீட்ல இருந்தா போதும்.


பலாமரத்தடி:

ஆமா தம்பி, நீயே சொல்லு. கரிநாள் பாக்கறவங்கன்னா அது கழியட்டும், பின்னாடி அதையும் ஒரு காரணமா சொல்லுவாங்க. அப்பா வெளிய போற நேரமா பாரு, அவருக்கு எப்போ சொல்றதுன்னு அம்மா முடிவு பண்ணட்டும், எங்க வீட்லயும் நான் தான் என் வீட்டுக்காரருக்கு சொன்னேன், நான் சொன்னதால தான் அவரு கத்தாம கேட்டாரு. காலையில அம்மா சாப்பிட்டு மாத்திரை எல்லாம் போட்டதுக்கு அப்புறம் சொல்லு. சொல்லிட்டு உடனே வேலைக்கு கிளம்பி போயிடாத, அன்னிக்கு லீவு போட்டுட்டு வீட்லயே இரு.

உங்க அம்மா பேசணும்னா இன்பாக்ஸ்ல சொல்லு, என் நம்பர் தரேன். ஃபோன்ல பேச வரலன்னா நான் பஸ் ஏறி திருப்பாப்புலியூர் வந்துடறேன், ஒரு மணி நேரம் கூட ஆகாது. பாடலீஸ்வரர் கோயில்ல உக்காந்து பேசிக்கறோம் நாங்க ரெண்டு பேரும்.